நொடியை எண்ணுவது யார்? ஆண்ட்ராய்டுத் திரையும் பின்னணி டைமரும்

கைபேசிச் செயலியில் ஓடும் கவுண்ட்டவுனின் வரலாற்றை, திரைக்கு நொடிதோறும் செய்தி அனுப்பும் உத்திகளின் வளர்ச்சியாகவே பலரும் பார்க்கிறார்கள். அந்த வேலையை இயங்குதளம் செயலியிடமிருந்து படிப்படியாகப் பிடுங்கிக்கொண்ட வரலாறு என்று அதைப் படிப்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2008 செப்டம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 1.0இலேயே அடிப்படை விதி உறுதியாகிவிட்டது. திரையை உருவாக்கிய முதன்மை த்ரெட் (நிரல் ஓடும் இழை) மட்டுமே அதைத் தொடலாம். வேறு த்ரெட்டிலிருந்து ஓர் எழுத்தை மாற்ற முயன்றாலும் செயலி பிழை காட்டி நின்றுவிடும். அதற்காக முதன்மை த்ரெட்டிலேயே காத்திருக்கவும் முடியாது. தொடுகைக்கு ஐந்து நொடி பதில் வராவிட்டால், செயலி இயங்கவில்லை என்ற அறிவிப்பு வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஹேண்ட்லர் வந்தது: பின்னணி த்ரெட் செய்தியை வரிசையில் போடும், முதன்மை த்ரெட் தன் முறை வரும்போது எடுத்துத் திரையை மாற்றும்.

அதே முதல் பதிப்பில் கவுண்ட்டவுன்டைமர் என்ற கிளாஸும் இருந்தது. அதன் நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு வியப்பு. அது நொடிகளை எண்ணுவதே இல்லை. தொடங்கும்போது முடியவேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து மிச்சத்தைச் சொல்கிறது. கழிப்பதற்கு அது பயன்படுத்தும் கடிகாரம் கைபேசி உறங்கும்போதும் ஓடும். ஹேண்ட்லர் காத்திருக்கும் கடிகாரமோ உறக்கத்தில் நின்றுவிடும். ஆகவே கைபேசி விழித்ததும் திரைக்கு வரும் எண் சரியாகவே இருக்கும். ஆனால் "நேரம் முடிந்தது" என்ற மணி தாமதமாக அடிக்கும். பழைய பதிப்புகளில் இன்னொரு கோளாறும் உண்டு. மிச்சம் ஓர் இடைவெளிக்கும் குறைந்துவிட்டால் கடைசித் துடிப்பை அது விட்டுவிடும். பத்து நொடி டைமரில் 1 என்ற எண் இரண்டு நொடி அசையாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

திரையைத் திருப்பினால் அதை நடத்தும் ஆக்டிவிட்டி அழிந்து புதிதாகப் பிறக்கும். டைமரோ செத்துப்போன திரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க டைமரைத் திரையில்லாமல் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீசுக்குள் வைத்து, நொடிக்கொரு பிராட்காஸ்ட் அனுப்பி, திரை முன்னால் இருக்கும்போது மட்டும் ரிசீவரைப் பதிவு செய்யும் வழக்கம் பரவியது. நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் யாரும் பார்க்காத எண்ணுக்காகவும் நொடிதோறும் பிராட்காஸ்ட் போய்க்கொண்டே இருந்தது.

பேட்டரியின் பெயரால் இந்த வழக்கம் முறிந்தது. 2013இல் ஆண்ட்ராய்டின் கிட்கேட் பதிப்பு, வழக்கமான அலாரங்களைத் துல்லியமற்றவையாக்கியது. 2015இல் மார்ஷ்மெல்லோ, டோஸ் என்ற ஆழ்ந்த ஓய்வைக் கொண்டுவந்தது. 2017இல் ஓரியோ, பின்னணிக்குப் போன செயலியின் சர்வீஸ்களைச் சிறிது நேரத்தில் நிறுத்தத் தொடங்கியது. தொடர்ந்து ஓட வேண்டுமானால், பயனருக்குத் தெரியும்படி ஓர் அறிவிப்பைக் காட்டும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேண்டும் என்றானது.

அதே 2017இல் வந்த வியூமாடல், லைவ்டேட்டா என்ற கிளாஸ்கள் திரையைத் திருப்பும்போது வரும் சிக்கலைத் தீர்த்தன. பார்ப்பவர் இருந்தால் மட்டுமே லைவ்டேட்டா மதிப்பைச் சேர்ப்பிக்கும். பெரிதும் கொண்டாடப்பட்ட மாற்றம் இது. என் கணிப்பில் இதைவிட ஆழமானது 2016இல் நௌகட் செய்தது. க்ரோனோமீட்டர் என்ற நேரங்காட்டிக் கூறு பின்னோக்கி எண்ணக் கற்றது அந்தப் பதிப்பில்தான். அறிவிப்பில் முடியும் நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டால், நொடிகளை ஆண்ட்ராய்டே வரைந்துகொள்ளும், செயலி தூங்கலாம். ஆப்பிளும் 2022இல் லைவ் ஆக்டிவிட்டி வழியாக, பூட்டுத்திரையில் ஓடும் டைமரை இதே முறையில்தான் அனுமதித்தது.

இப்படிப் பார்த்தால் செயலியிடம் மிஞ்சியிருப்பது முடியும் தருணத்தில் மணியடிக்கும் உரிமை ஒன்றுதான். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 அதற்கும் தனி அனுமதி கேட்டது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதியைத் தானாகத் தருவதை நிறுத்தியது. அலாரம், நாட்காட்டி போன்றவற்றுக்கு மட்டும் தனி வழி விட்டுவைத்தது.