யாரும் ஊத்தாத தண்ணி

எங்கள் சேரிக்கு அரசாங்கம் முதன்முதலில் வந்தது ஒரு லாரியில்தான். எழுபதுகளின் கடைசி. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் போலீஸ் வந்திருக்கிறது, வரி பாக்கி என்று முன்சீப் ஆள் அனுப்பியிருக்கிறார். எங்க ஆயா அதையெல்லாம் அரசாங்கக் கணக்கில் சேர்க்க மாட்டாள். 'அவங்க ஊரு' என்பாள். முன்சீப் ஊர், கர்ணம் ஊர், போலீஸ்காரர் வந்தால் உட்காருவதும் ஊர்த் திண்ணையில்தான். பரம்பரை கிராம அதிகாரிகளின் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அதுவரைக்கும் அரசாங்கம் என்று தனியாக ஒன்று இருப்பதற்கு எங்களிடம் வேறு சாட்சி இல்லை. லாரிதான் சாட்சி.

லாரியில் வந்தது போர் போடும் இயந்திரம். ஒரு பகல் முழுக்கப் பாறையைக் குடைந்தது. வெள்ளைத் தூள் பறந்து கூரையெல்லாம் படிந்தது. காதைப் பொத்திக்கொண்டு சேரியே சுற்றி நின்றது. சாயங்காலம் சேறும் தண்ணியுமாகப் பீய்ச்சி அடித்தபோது ஆயா ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏந்தினாள். 'இது யாரும் ஊத்தாத தண்ணிடா' என்றாள்.

அதுவரை எங்களுக்கு எல்லாமே ஊத்தின தண்ணிதான். கோடையில் சேரிக் குட்டை காய்ந்தால் பெண்கள் ஊர்க்கிணற்றுக்குப் போய்த் தள்ளி நிற்பார்கள். யாராவது இரக்கப்பட்டு உயரத் தூக்கி ஊத்தினால் குடம் நிறையும். இரக்கம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெயில் ஏறினால் வராது, முதல்நாள் அறுப்புக்கூலியில் வாக்குவாதம் நடந்திருந்தால் நிச்சயம் வராது.

இதில் சட்டத்தின் கதை ஒன்று இருக்கிறது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொதுக்கட்டடம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். அடுத்த ஆண்டு அது அரசிதழிலும் வந்தது. மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தது 1927இல். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல். ஆக, ஆயா ஊர்க்கிணற்றடியில் ஒதுங்கி நின்ற காலமெல்லாம் சட்டப்படி அந்தக் கிணறு அவளுடையதும்தான். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்திருக்கும், கர்ணம் படித்தவர்.

இருந்த கிணற்றைத் திறந்துவிட அரசாங்கத்துக்குப் போலீஸ் வேண்டும், துணிவு வேண்டும். புதிதாகத் துளை போட ஓர் இயந்திரம் போதும். அறுபதுகளின் கடைசியில் வறட்சியை ஒட்டி யுனிசெப் உதவியோடு பாறை குடையும் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. ஊருக்கொரு போர், சேரிக்கொரு போர் போட்டார்கள். ஊர்க்கிணறு யாருக்கு என்ற கேள்வியை யாரும் எழுப்பத் தேவையில்லாமல் போயிற்று. தொழில்நுட்பம் சாதியை உடைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது சட்டத்தை அமல்படுத்துகிற வேலையிலிருந்து அரசாங்கத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆனாலும் ஆயாவின் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு வேண்டியிருந்தது சமத்துவம் பற்றிய பிரகடனம் இல்லை, ஒருத்தன் முகத்தைப் பார்க்காமல் ஒரு குடம் தண்ணி.

அந்தப் பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இந்தியா மார்க் 2' என்று பெயர். மகாராஷ்டிரத்தில் மிஷன்காரர்கள் செய்த பம்பைத் திருத்தி உருவாக்கினார்கள். சென்னையில் பொதுத்துறை ஆலையில் செய்தார்கள். குழாய்க்கு அடியில் உருளைக்குள் ஏறி இறங்கித் தண்ணீரைத் தூக்கியது தோல் வாஷர். பின்னால்தான் ரப்பர் வந்தது. 1983 கோடையில் ஊர்க்கிணறுகள் வற்றி, ஊர்ப்பெண்கள் எங்கள் பம்புக்கு வந்தார்கள். பிடியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடித்தார்கள். உள்ளே தோல் தொட்டுத் தொட்டு அனுப்பிய தண்ணி அது. பம்பு பழுது பார்க்க வந்த மெக்கானிக் கழற்றிக் காட்டியதால் எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. வரிசையில் நின்று சிரித்துக்கொண்டோம்.

பம்பு கெட்டால் ஒன்றிய அலுவலகத்துக்குக் கார்டு போட வேண்டும். நான் முதன்முதலில் எழுதிய மனு அதுதான். 'ஐயா, எங்கள் காலனி பம்பு பதினைந்து நாளாக ஓடவில்லை.' ஒன்பது நாளில் ஆள் வந்தான். ஊரைக் கேட்காமல், ஒரு கார்டுக்குப் பதில் வந்தது! எங்கள் ஆட்கள் அரசாங்கத்தை ஏன் இப்படி நம்பிக் கிடக்கிறார்கள் என்று கேலி பேசும் தோழர்களுக்கு அந்த ஒன்பது நாளைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

பிறகு மேல்நிலைத் தொட்டி வந்தது. தொட்டி நின்றது ஊரில். குழாய் ஒன்றுதான், ஆனால் நடுவில் ஒரு வால்வு. ஊருக்கு நிறைந்த பிறகு சேரிப்பக்கம் திறப்பார்கள். திறக்கிற ஆளும் ஊர்தான். மறுபடி முகத்தைப் பார்க்கிற தண்ணி. ஆயா அதைக் குடிக்கவே இல்லை, சாகும்வரை பம்புத் தண்ணிதான். 'உப்பா இருந்தாலும் நம்ம கை அடிச்சது' என்பாள். இப்போது பம்பு துருப்பிடித்து நிற்கிறது, பிடியை யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

சேரிக்கென்று தனித்தொட்டி கட்டினாலும் கதை முடியவில்லை என்பதை வேங்கைவயல் காட்டியது. புதுக்கோட்டை மாவட்டம். 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போய், ஏறிப் பார்த்தால் தொட்டிக்குள் மலம். அடுத்த ஆண்டு விசாரணைக்காக டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் கேட்டபோது அந்த மக்களிலேயே சிலர் தர மறுத்தார்கள். 'விஞ்ஞானத்தைப் பார்த்து இன்னும் பயப்படுறாங்களே' என்று படித்த நண்பர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்கு ஊசி மட்டும் தெரிந்தது, பிடித்திருந்த கை தெரியவில்லை. மலம் கலந்த தண்ணியைக் குடித்தவனிடமே வந்து உன் இரத்தத்தைக் கொடு என்றால், அவன் பயப்படுவது சோதனைக்கூடத்தைப் பார்த்தா? கடைசியில் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கித்தான் இரத்தம் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் இருந்தது வேங்கைவயல் தலித்துகள் மூவரின் பெயர்.