கீவி டப்பாவும் டோடோவும்

வேலைக்குப் போன காலத்தில் ஞாயிறுதோறும் ஷூவுக்குப் பாலிஷ் போடுவேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய டப்பா கிடைத்தது. மூடியில் நீண்ட மூக்கோடு ஒரு பறவை. "இதுக்கு ஏன் தாத்தா இறக்கையே இல்ல?" என்றான் பேரன்.

அதுதான் கீவி, நியூசிலாந்துப் பறவை. 1906-இல் மெல்போர்னில் இந்தப் பாலிஷைக் கொண்டுவந்த வில்லியம் ராம்சே, தன் மனைவியின் நாட்டை நினைத்து வைத்த பெயர். கோழி அளவுதான் இருக்கும். குட்டி இறக்கை உண்டு. ரோமம் போன்ற இறகுக்குள் மறைந்துகிடக்கும். மூக்குத் துவாரம் அலகின் நுனியில் இருப்பதால், இரவில் மண்ணை மோந்தே புழு பிடிக்கும். முட்டையோ தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும்!

"நம்ம ஊர்ல உண்டா?" என்று அடுத்த கேள்வி. இல்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் போய்ச் சேர்ந்த மொரிஷியஸ் தீவில் அப்படி ஒன்று இருந்தது: டோடோ. புறா இனம்தான், உயரம் மட்டும் மூன்றடி. பயப்பட எதிரியே இல்லாத தீவில் பறப்பதை மறந்துவிட்டது. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் அடித்துத் தின்றதைவிட, கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் செய்த சேதம்தான் அதிகம். தரையில் இட்ட முட்டைக்குக் காவல் ஏது?

இந்தியாவுக்கும் டோடோ வந்திருக்கிறது. 1628-இல் இங்கு வந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், சூரத்தில் இரண்டைப் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ படம் இன்று ரஷ்யாவில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டோடோவைக் கடைசியாகக் கண்டதாக நம்பப்படும் ஆண்டு 1662. அதற்கு 73 ஆண்டுகள் கழித்து, 1735-இல், லபூர்தொனே மொரிஷியஸ் கவர்னரானார். புதுச்சேரியில் இன்றும் அவர் பெயரில் தெரு இருக்கிறதே, அவர்தான். போர்ட் லூயி நகரைக் கட்ட நம் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்கள் போனபோது பார்க்க ஒரு டோடோகூட மிச்சமில்லை.

கீவி இன்னும் இருக்கிறது. நாயும் நீர்நாயின் உறவான ஸ்டோட்டும் அண்டாமல் அங்கே காவல் காக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது, காலாப்பட்டுக் கடற்கரையில் இந்த மாசியில் நான் கண்டது நினைவுக்கு வந்தது. நாய்கள் தோண்டிப்போட்ட ஆமைக்குழி, சுற்றிலும் பங்குனி ஆமையின் முட்டைத் தோல்கள். பார்த்துவிட்டு, நடைப்பயிற்சியைத் தொடர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை வனத்துறைக்குத் தகவல் சொல்லாமல் வீடு திரும்பமாட்டேன். பேரனிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.