பிலிகுண்டுலுவும் ஒகேனக்கலும்: காவிரி நீர் நிர்வாகம்

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை மத்திய நீர் ஆணையம் அளக்கும் இடம் பிலிகுண்டுலு. அங்கிருந்து ஆறு தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்கு இறங்குகிறது. நீர்வரத்து அதிகரித்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் சவாரியை நிறுத்திவிடும். ஒகேனக்கல் அருவியைப் பார்க்க வந்தவர்களுக்கு நீர் நிர்வாகம் கண்ணில் படுவது பெரும்பாலும் அப்போதுதான்.

இந்திய அரசமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்களைக் கடக்கும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரமோ நாடாளுமன்றத்துக்கு. இந்த இரட்டை ஏற்பாட்டில் எழும் வழக்குகளுக்காக 1956இல் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறு சட்டம் வந்தது. அதன்படி 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்க 2007 ஆகிவிட்டது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 192 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) நீர் தர வேண்டும் என்றது அது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 ஆகக் குறைத்தது. அத்தீர்ப்பைச் செயல்படுத்த அவ்வாண்டே காவிரி மேலாண்மை ஆணையம் பிறந்தது.

பங்கீட்டு வழக்கு ஒருபுறம் இருக்க, ஆறு அருகில் ஓடியும் தருமபுரி மக்கள் குடித்தது ஆழ்துளைக் கிணற்று நீர். பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு பல்லில் பழுப்புக் கறையாகப் படிந்தது, எலும்பையும் தாக்கியது.

இந்தக் கிணற்று நீருக்கு மாற்றாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஜப்பானியக் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பணியை முடிக்க, 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.