காக்ரபார், 2004: நடக்காமல் போன விபத்து

2004 மார்ச் 10. குஜராத்தின் காக்ரபார் அணுமின் நிலையத்தில் முதல் உலை 73 சதவீதத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கான மின்வழங்கலில் பராமரிப்பு வேலை. அதற்கிடையே தண்டுகளுக்கு மின்சாரம் போய்விட்டது. உலையின் சக்தி தானாக ஏறி 98 சதவீதத்தைத் தொட்டது. பிறகு தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு உலையை நிறுத்தியது. சர்வதேச அளவுகோலில் இதற்கு 2-ம் நிலை, செர்னோபிலுக்கு 7.

ஒன்றும் ஆகவில்லையே, இதில் என்ன வரலாறு என்று கேட்கலாம்.

தர்மபுரிக்காரனான எனக்கு அணுவுலை ஒகேனக்கல் வழியாகத்தான் புரிந்தது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் அது பிலிகுண்டுலு வந்துசேர நேரமாகும். பரிசலை நிறுத்த நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். உலையிலும் அப்படி ஓர் அவகாசம் உண்டு. யுரேனியம்-235 பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் சுமார் 0.65 சதவீதம் மட்டும் தாமதமாக வருகின்றன. சில நொடி, சிலது ஒரு நிமிஷம்கூட. அந்தத் துளியை நம்பித்தான் தண்டுகளை ஏற்றி இறக்க முடிகிறது. அவை வருவதற்கு முன்பே தொடர்வினை தன் காலில் நின்றுவிட்டால் கதை முடிந்தது. 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்எல்-1 என்ற 3 மெகாவாட் உலையில் ஒரே ஒரு தண்டைக் கையால் அளவுக்கு மீறி உயர்த்தினார்கள். 4 மில்லிநொடியில் சக்தி ஏறக்குறைய 20,000 மெகாவாட். மூன்று பேர் இறந்தார்கள்.

காக்ரபார் அந்த எல்லைக்குப் போகவில்லை. ஆனால் ஓர் ஒற்றுமையைப் பாருங்கள். எஸ்எல்-1-ல் நடந்தது பராமரிப்பு வேலை. செர்னோபிலில் நடந்தது சோதனை. காக்ரபாரிலும் பராமரிப்பு. ஓடுகிற சிஸ்டத்தில் கைவைக்கிற ராத்திரிகளை மென்பொருள்காரர்கள் ஏன் பயத்தோடு கடக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. செர்னோபில் வகை உலையில் தண்டுகளை உள்ளே இறக்கினால் முதலில் சக்தி சற்று ஏறக்கூடும் என்பது 1983-லேயே லிதுவேனியாவின் இக்னலினாவில் தெரிந்துவிட்டது. அங்கே யாரும் சாகவில்லை. அதனாலேயே அது பெரிய விஷயமாகவில்லை. 1986 ஏப்ரல் 26 அதிகாலை உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அதன் ஆபத்து எட்டவில்லை.

பெரிய விபத்துகளுக்கு நினைவுச்சின்னம் வைக்கிறோம். அவற்றைத் தடுக்கக்கூடிய பாடங்கள் இருப்பதோ 2-ம் நிலைச் சம்பவங்களில்தான். கல்பாக்கமும் கூடங்குளமும் நம்ம கரையில் இருக்கின்றன. காக்ரபாரை ஞாபகம் வைத்துக்கொள்ள இந்தக் காரணம் போதும்.