தவளைப் பொம்மையும் நாகர்கோவில் நூலும்



அண்மைக் காலமாக மாணவர்களின் புத்தகப்பைகளில் பச்சைத் தவளைகள் தொங்குவதைக் காண்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். தலைக்கு மேலே துருத்தி நிற்கும் இரு கண்கள். கறுப்பு நூலால் தைத்த ஒரு நீண்ட சிரிப்பு. இவை ஆலையில் வார்த்தெடுத்த பொம்மைகள் அல்ல. குரோஷே எனப்படும் கொக்கியூசிப் பின்னலால் யாரோ ஒருவர் வீட்டில் அமர்ந்து செய்தவை. நீலாய் வட்டாரத்தில் இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் இவை விற்பனையாகின்றன. "கையளவு பொம்மைக்கு இருபது வெள்ளியா?" என்று பெற்றோர் வியந்து கேட்பதும் என் காதில் விழுந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், அது நம்மை ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முந்தைய நாகர்கோவிலுக்கே இட்டுச் சென்றுவிடுகிறது.

முதலில் பொம்மை எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் போடுகிறோம். அவ்வளையத்திற்குள் கொக்கியூசியை நுழைத்து 6 கண்ணிகள் பின்னுகிறோம். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பின்னர் 24, 30, 36 எனச் சுற்றுக்கு 6 கண்ணிகளாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஏன் 6? இங்கேதான் கணித ஆசிரியர்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது. இவ்வகைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி அளவு வளர்கிறது. ஆரம் ஓர் அலகு வளர்ந்தால் சுற்றளவு 6.28 அலகு வளரும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கிறது. கூட்டுவதை நிறுத்தினால் பின்னல் குழாய்போல் எழும்பும். குறைக்கத் தொடங்கினால் வாய் மூடிக்கொள்ளும். அந்த வாய் மூடுவதற்கு முன் பஞ்சைத் திணித்துவிட்டால் தவளையின் தலை ஆயிற்று!

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 6 முதல் 36 வரையிலான ஆறு சுற்றுகளில் 126 கண்ணிகள். கூட்டாமல் குறைக்காமல் 36 கண்ணிகளாகவே இன்னும் ஆறு சுற்றுகள் பின்னினால் 216. பிறகு 30, 24, 18, 12, 6 எனக் குறைத்து வந்தால் 90. ஆக மொத்தம் 432 கண்ணிகள். பழகிய கை ஒரு கண்ணிக்கு நான்கு நொடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டாலும் தலைக்கு மட்டும் அரைமணி நேரம் ஆகிவிடுகிறது. இன்னும் கண் மேடுகள் இரண்டு, உடல், கை கால்கள், அவற்றை ஒன்றோடொன்று தைத்து இணைக்கும் வேலை எல்லாம் மீதமிருக்கின்றன. இடையில் எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அப்படிப் பிரிப்பதை ஆங்கிலம் பேசும் பின்னல்காரர்கள் வேடிக்கையாகத் 'தவளையாக்குதல்' என்பார்கள். 'பிரித்துப் போடு' எனப் பொருள்படும் 'ரிப் இட், ரிப் இட்' என்னும் தொடர் அவர்கள் காதுக்குத் தவளை கத்துவதுபோல் ஒலிக்கிறதாம்.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இரு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலுக்கு இயந்திரங்கள் வந்து நெடுங்காலமாகிவிட்டது. ஆனால் கொக்கியூசிப் பின்னலைக் கை செய்வதுபோல் அப்படியே செய்து தரும் இயந்திரம் ஆலை வழக்கிற்கு இன்னும் வரவில்லை. கடைகளில் குரோஷே என்று சொல்லி விற்கப்படும் ஆலைத்துணி, பார்வைக்கு அதுபோலத் தோன்றும் வேறுவகைப் பின்னலே. எனவே, எந்த நாட்டிலிருந்து எத்துணை மலிவாக வந்திறங்கினாலும், கொக்கியூசியால் பின்னிய ஒரு தவளைக்குப் பின்னால் கண்ணி கண்ணியாக எண்ணிய ஒரு மனிதக் கை இருந்தே தீரும்.

அந்தக் கை யாருடையது என்பதுதான் இக்கலையின் வரலாறு.

குரோஷே என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல். பழங்காலத்துக் கலை என்று பலர் எண்ணினாலும், ஐரோப்பாவில் இதற்கான தெளிவான சான்றுகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 1823இல் பெனலோப்பே என்னும் டச்சு இதழில் வெளிவந்த பின்னல் குறிப்புகளை அச்சில் வந்த முதற் குறிப்புகளாகக் கூறுவர். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் மூண்டபோது இக்கலை வேறொரு முகம் காட்டியது. கன்னிமாடங்களில் இப்பின்னலைக் கற்ற ஏழைப் பெண்கள் லேஸ் பின்னி விற்றுத் தங்கள் குடும்பங்களைக் காத்தனர். ஒரு கொக்கியும் ஒரு நூற்கண்டும் போதும். பெரிய முதல் தேவையில்லை. வறுமைப்பட்ட வீட்டிற்குள் எளிதாக நுழைய வல்ல தொழில் என்பதே இதன் வலிமை. பின்னாளில் இதுவே இதன் சாபமாகவும் ஆயிற்று.

அயர்லாந்துப் பஞ்சத்திற்குக் கால் நூற்றாண்டு முன்பே தமிழ் வழங்கும் மண்ணில் நூல்வேலை ஒரு வாழ்வுப் பிரச்சினையோடு பிணைந்துவிட்டிருந்தது. 1819இன் இறுதியில் இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவர்தம் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தனர். அன்று அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். அது கொக்கியூசிப் பின்னல் அன்று. திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் முறை. இன்றைய தவளைக்கு அது நேர்ப் பாட்டி அல்லள். பெரிய பாட்டி முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பள்ளியில் பயின்றோருள் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் இருந்தனர். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கவும் விற்கவும் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அப்பெண்களுள் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் என்பதைத் திருச்சபை வரலாறுகள் பதிவு செய்துள்ளன. இதனைப் படித்தபோது நான் சற்று நேரம் அசையாமல் அமர்ந்துவிட்டேன். ஒரு பெண் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள எத்தனை முழம் நூலைப் பின்னியிருக்க வேண்டும்! அந்த லேஸ் யாருடைய மேசை விரிப்பின் ஓரத்தில் சென்று தைக்கப்பட்டதோ! மிஷனரிகளுக்கு வேறு நோக்கங்களும் இருந்தன என்று கூறுவோர் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்த காசு உண்மையான காசு.

மால்ட் இணையரின் மகள் எலைசாவை 1844இல் மணந்தவர் யார் தெரியுமா? தமிழாசிரியர்கள் அனைவரும் அறிந்த இராபர்ட் கால்டுவெல்லே! 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அப்பெருமகனாரைப் பற்றிப் பயிற்சிக் கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதே வீட்டில் எலைசா அம்மையார் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பெண்களுக்கான பள்ளி நடத்தி, தாயிடம் கற்ற லேஸ் பின்னலை அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்ததை எவரும் நமக்குச் சொல்லவில்லை. ஒப்பிலக்கணம் நூலகத்தில் நின்றது. லேஸ் தேய்ந்து கிழிந்து போயிற்று. பின்னர் 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அருட்சகோதரி மரி லூயிஸ் தெ மீஸ்டர் முளகுமூட்டில் ஆதரவற்ற பெண்களிடையே பணியைத் தொடங்கினார். அங்கும் லேஸும் பூவேலையும் பிழைப்புக்கு வழிகாட்டின.

கொக்கியூசிப் பின்னல் இந்தியாவில் பெருந்தொழிலாக வேரூன்றிய இடம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூர். அங்கும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளே தொடக்கம் செய்தனர். ஆனால் நாகர்கோவிலில் நூல் விடுதலைக்கு விலையானது என்றால், நரசாப்பூரில் கதை வேறு திசையில் போயிற்று. செருமானிய ஆய்வாளர் மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து 1982இல் 'நரசாப்பூரின் லேஸ் பின்னும் பெண்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் முடித்துவிட்டு நாளும் பல மணி நேரம் பின்னினர். அவர்கள் பின்னியவை உலகச் சந்தைக்குப் போயின. ஏற்றுமதியாளர்கள் செல்வந்தராயினர். பின்னியவர்களுக்கோ வயலில் கூலிவேலை செய்வோர் பெறுவதைவிடக் குறைந்த வருவாயே கிடைத்தது. காரணத்தை மரியா மீஸ் மிக எளிதாக விளக்குகிறார்: அப்பெண்களை எவரும் தொழிலாளி என்று அழைக்கவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்றே அவ்வேலை கருதப்பட்டது. ஓய்வுக்கு யார் கூலி கொடுப்பார்? அப்பெண்களும் தங்களைப் பற்றி அவ்வாறே எண்ணினர் என்பதுதான் மிகுந்த வேதனை. நரசாப்பூர்ப் பின்னலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது, மகிழ்ச்சியே.

லேஸ் எப்போது தவளையாயிற்று? நூலில் உருவம் பின்னிப் பஞ்சு திணிக்கும் இன்றைய பாணி பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பரவியது. அமிகுருமி என்பது அதன் பெயர். பின்னல் என்பதற்கும் பஞ்சுப் பொம்மை என்பதற்குமான ஜப்பானியச் சொற்களின் சேர்க்கை. 2000ஆம் ஆண்டுக்குப் பின் இணையம் அதனை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. தவளைப் பாத்திரங்களுக்கும் வீட்டுக்கைவேலைக்கும் உறவு புதிதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கெர்மிட் என்னும் தவளையை ஜிம் ஹென்சன் 1955இல் தம் தாயாரின் பழைய மேலங்கியைக் கத்தரித்து, ஒரு மேசைப்பந்தை இரண்டாக வெட்டிக் கண்களாக ஒட்டிச் செய்தார். தொடக்கத்தில் அது தவளையாகக்கூட இல்லை!

இனி நம் பக்கத்திற்கு வருவோம். நீலாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: லயத்து வீடுகளின் வானொலிப் பெட்டி மீதும், பின்னர் தொலைக்காட்சிப் பெட்டி மீதும், வெள்ளை நூலில் பின்னிய வலைத்துணி ஒன்று கிடக்கும். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலைத் தூக்கி வந்து, சமைத்து முடித்த பிறகு பின்னியது அது. மரம் வெட்டிய வேலைக்காவது செக்ரோலில் ஒரு வரி இருந்தது. 1928ஆம் ஆண்டு வாக்கில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நாட்கூலி வரையறுக்கப்பட்டது. குறைவுதான், அநீதிதான், எனினும் கிராணி பெயரெழுதிக் கணக்குப் பார்த்தார். வலைத்துணிக்கு அந்த வரியும் இல்லை.

1998இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நீலாய் 3 துணிக்கும் தரைவிரிப்புக்கும் பெயர்பெற்ற மொத்த விற்பனைச் சந்தையாயிற்று. தோட்டத்துப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இப்போது அடுக்குமாடிகளில் இருக்கின்றனர். அவர்களுள் சிலர்தாம் பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டுத் தவளை பின்னிக் கைப்பேசியில் விற்கின்றனர். "என்ன விலை, அக்கா?" என்று கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே, பார்த்துக் கொடுங்கள்" என்கிறார்கள். நரசாப்பூர் இங்கேயும் வந்துவிட்டது.

ஆகவே கணக்கைச் சரியாகப் போடுவோம். 1 பிப்ரவரி 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஒரு சிறு தவளைக்கு மூன்று மணி நேரம் என்று கொண்டால் கூலி மட்டும் 26 வெள்ளிக்குச் சற்று மேல். நூல், பஞ்சு, கண்கள் ஆகியவற்றின் செலவு தனி. இருபது வெள்ளிக்கு விற்பவர் நமக்குத் தம் கைக்காசைச் சேர்த்துக் கொடுக்கிறார் என்று பொருள். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே ஒரு கணிதப் பயிற்சியாகக் கொடுக்கலாம். காட்சிக் கலைக்கல்வியில் மரபுக் கைவினை என்னும் பிரிவு இருக்கவே இருக்கிறது. பாத்தேக்கையும் பாய் முடைதலையும் கற்பிக்கும்போது நாகர்கோவில் பெண்களின் கதையைப் பத்து நிமிடம் சொல்வதற்கு எவர் தடை சொல்லப் போகிறார்?

வீட்டில் பின்னிப் பார்க்க விரும்பும் பெற்றோருக்குச் சில குறிப்புகள். முதல் தவளைக்கு வெளிர் பச்சை நூலை எடுங்கள். அடர்நிறத்தில் கண்ணிகள் தெரியமாட்டா. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறுநிற நூல்துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் எண்ணிக்கை தப்பாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கென்றால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கண்கள் வேண்டா. கழன்றால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலாலேயே கண்களைத் தைத்துவிடுங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் மிஞ்சும் நூல்நுனியை ஒட்ட வெட்டாமல், ஊசியில் கோத்துத் தவளையின் வயிற்றுக்குள் இழுத்து மறைத்துவிட வேண்டும்.