நிலத்தடி எரிபொருள் தொட்டிகளும் மண் துளை ஆய்வும்

பெட்ரோல் பங்குகளிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் புதைக்கப்பட்ட தொட்டிகளைச் சுற்றித் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்து, எரிபொருள் கசிந்துள்ளதா, எவ்வளவு பரவியுள்ளது என்று கண்டறிவது மண் துளை ஆய்வு. பழைய தொட்டியை அகற்றும்போதும், இருப்புக் கணக்கு உதைக்கும்போதும், பக்கத்துக் கிணற்றில் பெட்ரோல் வாடை வரும்போதும் இது தேவைப்படுகிறது.

செய்முறை

புதைந்துள்ள குழாய், மின்கம்பித் தடங்களை முதலில் குறித்துக்கொள்வர். மேல்மண்ணைக் கையாலேயே தோண்டுவர். தொட்டியின் இரு முனைகள், குழாய்த் தடம், நிலத்தடி நீர் ஓடும் திசை ஆகியவற்றில் துளைகள் அமையும். ஒப்பிட்டுப் பார்க்க, நீரோட்டத்தின் மேற்புறத்தில் ஒரு துளை வேண்டும்.

திருகுத் துளைக்கருவியால் இறங்கி, நெடுக்காகப் பிளக்கும் உருளைக்குழாயை அடித்து மண் எடுப்பர். இந்தியத் தரமான ஐ.எஸ். 2131இன்படி 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். எடுத்த மண்ணை உடனே காற்றுப்புகாமல் அடைத்து, 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் ஆய்வகத்துக்கு அனுப்புவர். அங்கு பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை அளக்கப்படும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வேலை முடிந்த துளையை பென்டோனைட் களிமண் அல்லது சிமென்ட் கலவையால் அடைக்காவிட்டால், அதுவே மாசு இறங்கும் வழியாகிவிடும்.

நாமகிரிப்பேட்டைப் பகுதி

மஞ்சளுக்குப் பேர்போன நாமகிரிப்பேட்டை, லாரித் தொழில் செழித்த நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இவ்வட்டாரத்தில் மேலே செம்மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அடியில் கடினப்பாறை. சிதைந்த பாறையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. பெட்ரோல் நீரின்மேல் மிதக்கும். நீரில் கரைந்த பென்சீனோ வெடிப்பு போகும் போக்கில் போகும். எனவே ஒரு துளையில் மண் சுத்தமாக இருப்பது, அடுத்த தோட்டத்துக் கிணறும் சுத்தம் என்பதற்குச் சான்றாகாது.

இதே மாவட்டத்திலிருந்து இந்தியா முழுதும் செல்லும் திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளை இவ்வேலைக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. அவை அழுத்தக் காற்றால் பாறையை உடைத்துத் தூளை வெளியே ஊதுகின்றன. தேட வேண்டிய ஆவியும் அதோடு பறந்துவிடும். பாறை தட்டும்வரை திருகுத் துளையும், அதற்குக் கீழே கண்காணிப்புக் கிணறுகளில் நீர் மாதிரியும் எடுப்பதே முறை.

தண்டையார்பேட்டை நிகழ்வு

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் கலந்து வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயின் கசிவே காரணம். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது.

விதிமுறை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, புதிய பெட்ரோல் பங்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தவிர்க்க முடியாத இடத்திலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய ஊர்களுக்கு இந்த இடைவெளி மட்டும் போதாது. தொட்டி புதைக்கும் முன்பே மண்ணையும் நீரையும் சோதித்துப் பதிந்து வைத்தால்தான், பின்னால் கசிவு நேரும்போது உழவரின் முறையீட்டுக்கு ஆதாரம் இருக்கும்.