ஒரே 55 குதிரைத்திறன், இரண்டு கேம்ஷாஃப்ட்

பழைய கார் இன்ஜினைப் பிரிச்சு மறுபடி கட்டுறவங்க பலருக்கும் ஒரு ஆசை வரும்: "எப்படியும் பிரிச்சாச்சு, ரேஸ் கேம்ஷாஃப்ட்டா போட்டுடலாமே?" இதுக்கான பதிலை நான் 1960களின் பிரிட்டனில்தான் தேடுவேன். மினி கூப்பர் கதையில அது இருக்கு.

முதல்ல கேம்ஷாஃப்ட் என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம். வால்வு எப்போ திறக்கணும், எப்போ மூடணும், எவ்வளவு உயரணும், இதையெல்லாம் அதன் மேடுகள்தான் தீர்மானிக்குது. உள்ளே காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற சின்ன நேரம் ஒண்ணு உண்டு. அதை ஓவர்லேப் என்பார்கள். வேகம் அதிகமா இருக்கும்போது, வெளியே பாயுற புகை புதுக் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். வேகம் குறைவா இருந்தா, புகை திரும்பி உள்ளே வந்துடும். ஐடிலிங் தடுமாறும், பிக்கப் செத்துடும்.

இப்போ கதைக்கு வருவோம். 1959இல் வந்த மினியில் 848 சிசி இன்ஜின், 34 குதிரைத்திறன். அதன் ஓவர்லேப் வெறும் 15 டிகிரி. 1961இல் ரேஸ் கார் கட்டிய ஜான் கூப்பரின் பெயரோடு 997 சிசி மினி கூப்பர் வந்தது: 55 குதிரைத்திறன். அதற்காக ஓவர்லேப்பை 37 டிகிரிக்கு ஏத்தினாங்க. உள் வால்வு 252 டிகிரி திறந்திருந்தது.

1964இல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். புது 998 சிசி கூப்பர் வந்தது. அதே 55 குதிரைத்திறன். ஆனா கேம்ஷாஃப்ட் சாதுவாகிடுச்சு! உள் வால்வு 230 டிகிரி, ஓவர்லேப் 26 டிகிரி. பழைய இன்ஜினின் அதிகபட்ச முறுக்குவிசை 3,600 ஆர்பிஎம்மில் 54 பவுண்டு-அடி. புதியதில் 3,000 ஆர்பிஎம்மிலேயே 57.

எப்படி முடிஞ்சது? ஸ்ட்ரோக்கைக் குறைச்சாங்க, சிலிண்டரை அகலமாக்கினாங்க, சிலிண்டர் ஹெட்டையும் மேம்படுத்தினாங்க. காற்று தாராளமா உள்ளே போக வழி கிடைச்ச பிறகு, வால்வை ரொம்ப நேரம் திறந்து வெச்சுக் கஷ்டப்படுத்த வேண்டியதில்லை.

அதே காலத்தில் பந்தயத்துக்காக 649 என்ற எண்ணோடு ஒரு கேம்ஷாஃப்ட்டும் இருந்தது. சுமார் 300 டிகிரி. டிராக்கில் அது ராஜா. டிராஃபிக்கிலோ, ஓட்டுறவர் பாடு திண்டாட்டம்தான்.

அதனால இன்ஜின் கட்டுறவங்களுக்கு நான் சொல்றது: முதல்ல ஹெட், கார்புரேட்டர், கம்ப்ரெஷன் எல்லாம் என்னன்னு முடிவு பண்ணுங்க. வண்டி பெரும்பாலும் எந்த ஆர்பிஎம்மில் ஓடப்போகுதுன்னு நேர்மையா யோசிங்க. கேம்ஷாஃப்ட் கடைசியா வரட்டும். புதுசு போட்டா டேப்பெட்டும் புதுசாவே போடுங்க. பழைய டேப்பெட் புது மேட்டைத் தேய்ச்சுடும். மினியில் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ள இருக்கு. தப்பானதைப் போட்டா, இன்ஜினை மறுபடி கழட்டியே ஆகணும்.

1964இல் கூப்பர் இன்ஜினை மாத்தினவங்களுக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சாலைக்குன்னு வந்தப்போ அவங்க சின்னதைத்தான் எடுத்தாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.